பழுப்பு முதுகும் வெளிறிய கண்ணும்

அர்ஹாவி, மேல் கிராமம்
17 ஆகஸ்ட் 1981

அன்புள்ள ஹூரியேவுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்காமல் ஆடு மலையேறுவதுபோல் மேலே ஏறிப் போய்விடுகின்றன. சில இடங்களில் தாள் கிழிந்திருக்கும். பென்சிலை மண்வெட்டிபோல் பிடிக்கிறேன் என்று ஆசிரியை நெர்மின் சொல்கிறார்.

இதை வழக்கம்போல் ஷாகிரைக் கொண்டு எழுதவில்லை, ஹூரியே. நானே எழுதுகிறேன். உன் வீட்டுக்காரன் இல்யாஸ், எழுபத்தொரு வயதில்! பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. பத்தொன்பது பெண்கள், நான் ஒருவன். என் பெயரை முதன்முதலாகக் கரும்பலகையில் எழுதிய அன்று அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. நெர்மின் மறுநாள் காலைவரை விட்டுவைத்தார்.

ஏன் சேர்ந்தேன் என்று கேட்பாய். போன குளிர்காலத்தில் நீ எழுதிய கடிதத்தை ஷாகிர்தான் தேநீர்க்கடையில் படித்துக் காட்டினான். என் கம்பளிக் காலுறையைப் பற்றி நீ எழுதியிருந்த இடம் வந்ததும் எழுந்து நின்று படித்தான். ஒரு மாதம் வரைக்கும், நான் உள்ளே நுழைந்தாலே எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இனி உன் கடிதத்தை நான் ஒருவன்தான் படிப்பேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. சிரிக்காதே. இந்த இலையுதிர் காலத்தில் நானும் ஒரு வல்லூறு பிடித்துப் பழக்கலாம் என்றிருக்கிறேன். "வல்லூறு வைத்திருப்பவன் அடுப்பில் காடை வேகும், கூரையில் மழை ஒழுகும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான், தெரியும். முதன்முதலாகப் பழக்குகிறவன் எப்படிப்பட்ட பறவையை எடுக்க வேண்டும்? தேநீர்க்கடையில் கேட்டால் பத்துப் பேர் பதினோரு பதில் சொல்கிறார்கள். உன் அப்பாவைப்போல் வல்லூறு அறிந்தவர் இந்தக் கரையில் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. அதனால் உன்னைக் கேட்கிறேன்.

ஸெவிமையும் மருமகனையும் விசாரித்ததாகச் சொல். பேரப்பிள்ளைகளின் கண்களுக்கு என் முத்தம்.

உன்
இல்யாஸ்

—

இஸ்மித்
25 ஆகஸ்ட் 1981

இல்யாஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஸெவிம் நம்பவில்லை. "அப்பா வேற யாரையோ வெச்சு எழுதியிருக்காரும்மா" என்றாள். கிழிந்த இடங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பாதான்டி" என்றேன்.

நாற்பத்தேழு வருடக் குடித்தனத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சாப்பாடு ஆயிற்றா என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு வருடம் முன்பு, நான் நாலு நாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, வல்லூறு பிடிக்க மறைந்து உட்காருவதற்கு என் அப்பா மலைமுகட்டில் கட்டிய குடிலை இடித்துத் தேயிலை நட்டீர்கள். அதற்கு முன்னால் இப்படி ஒரு வரி கேட்டிருந்தால் நான் இன்று இஸ்மித்தில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். பெண்பிள்ளை குடிலில் உட்காரக்கூடாது என்று பன்னிரண்டு வயதில் என்னை இறக்கிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, ஆள் இல்லாத நேரம் பார்த்து அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். எனக்கென்று ஊரில் இருந்த இடம் அது ஒன்றுதான்.

போகட்டும். கேட்டதற்குப் பதில்.

ஆண் பறவை வேண்டாம். புறாக்குஞ்சு அளவுதான் இருக்கும், காடையைத் தூக்காது. பெண்ணிலும் இந்த வருடக் குஞ்சாகப் பாருங்கள். முதுகு பழுப்பாக இருக்கும், இறகு ஓரத்தில் துருவேறினாற்போல் சிவப்பு தெரியும், கண் வெளிறிய மஞ்சள். தேநீர்க்கடையில் எல்லாரும் புகழ்வது வேறு பறவையை. சாம்பல் முதுகு, வரிவரியாக வெள்ளை மார்பு, ஆரஞ்சுக் கண். அழகுதான். ஆனால் அது குளிர்காலங்களைத் தனியாகக் கழித்த பறவை. தன் இரையைத் தானே பிடித்துத் தின்று பழகியது. புதிதாகப் பழக்குகிறவன் கைக்கு அது ஆகாது.

காலைப் பாருங்கள், நடுவிரல் நீளமாக இருக்க வேண்டும். மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள். கத்திபோல் துருத்தினால் நோஞ்சான், தட்டுப்படவே இல்லையென்றால் கொழுப்பு. கொழுத்த பறவை கூப்பிட்டால் வராது. நீங்கள் கன்றுக்குட்டியைக்கூட ஊட்டி ஊட்டியே கெடுத்தவர்.

காலுறையைத் துவையுங்கள்.

ஹூரியே

—

மேல் கிராமம்
6 செப்டம்பர் 1981

அன்புள்ள ஹூரியேவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. "துருத்தினால்" என்ற சொல்லில் மட்டும் ஒரு நாள் நின்றேன். படித்து முடித்ததும் பசுவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்தைக் கொத்திப் பிள்ளைப்பூச்சி பிடித்தேன். பிள்ளைப்பூச்சியை வைத்துக் கீச்சான் குருவி பிடித்தேன். கீச்சானை இரையாகக் கோல் நுனியில் கட்டி, வலைக்குப் பின்னால் குடிலில் ஐந்து நாள் குந்தியிருந்தேன். இதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! விடியும்போது ஒரு பக்கம் கடல் வெளுக்கிறது, இன்னொரு பக்கம் பள்ளிவாசல் மினாரா தெரிகிறது, முழங்கால் வலி தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஒன்று வலையில் அடித்தது. கல் வந்து விழுந்தாற்போல இருந்தது. வலையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஹூரியே, அது சாம்பல் முதுகு, வரி மார்பு, கண் இரண்டும் கனிந்த சீமைப்பனிச்சைப் பழம்போல ஆரஞ்சு.

ஆள் சத்தத்துக்குப் பழக்க வேண்டுமே என்று வெறுங்கையில் ஏந்தித் தேநீர்க்கடைக்குக் கொண்டுபோனேன். சீட்டாட்டம் நின்றுவிட்டது. ஷாகிர் தன் வேட்டை நாயைத் தருகிறேன், மாற்றிக்கொள்ளலாம் என்கிறான்.

"இல்யாஸ், இந்த மாதிரிப் பறவை எங்க அப்பன் காலத்துக்கப்புறம் இந்த ஊருக்கு வரலடா. வெச்சுக்க. இல்ல, எனக்குக் குடு."

"ஹூரியேகிட்ட கேட்டு எழுதணும்" என்றேன்.

கடையே சிரித்தது. "பொண்டாட்டிகிட்டக் கேட்டுட்டா வல்லூறு வெச்சுக்குவே? தபால் போய் வர்றதுக்குள்ள அது முட்ட போட்டுக் குஞ்சு பொரிச்சிரும்!"

"அப்ப குஞ்சையும் சேத்துக் கேப்பேன்" என்றேன்.

அஞ்சலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்கச் சொன்னார்கள். அங்கே வரிசையில் நிற்கிறவன் எல்லாம் காதை நீட்டிக்கொண்டு நிற்பான். எனக்கு வேண்டாம்.

வைத்துக்கொள்ளட்டுமா? விட்டுவிடட்டுமா? நேற்றிலிருந்து என் கையிலேயே இறைச்சி தின்கிறது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்வேன்.

உன்
இல்யாஸ்

—

இஸ்மித்
11 செப்டம்பர் 1981

ஸெவிமின் அப்பாவுக்கு,

விட்டுவிடுங்கள்.

கையில் தின்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவள் தின்பாள், உட்காருவாள், விசிலடித்தால் தலையைத் திருப்புவாள். காலில் கட்டிய வாரை அவிழ்க்கிற முதல் நாள் போய்விடுவாள். அது அவள் குற்றமில்லை. தனியாக இருக்கத் தெரிந்தவளை இறைச்சி காட்டி நிறுத்த முடியாது. இதை வல்லூறைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு எதையும் நினைத்துக்கொண்டு கண்ணீர் விடாதீர்கள், எழுத்து கலைந்துவிடும்.

விட்ட பிறகு பழுப்பு முதுகுக்காகத் திரும்பக் காத்திருங்கள். மாதக் கடைசிவரை அவை கடந்துபோகும்.

ஒன்று கேட்க வேண்டும். குடிலில் உட்கார்ந்தால் கடலும் மினாராவும் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஷாகிர் குடிலில் இருந்து மினாரா தெரியாது, வாதுமை மரம் மறைக்கும். கீழ்க்குடிலில் கடல் தெரியாது. இரண்டும் தெரிகிற இடம் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான். அங்கே உங்கள் தேயிலை அல்லவா இருக்கிறது?

ஹூரியே

—

மேல் கிராமம்
27 செப்டம்பர் 1981

அன்புள்ள ஹூரியேவுக்கு,

தேயிலை இருந்தது. இப்போது இல்லை.

மார்ச் மாதம் பிடுங்கினேன். மூன்று வரிசை. வேர் நான் நினைத்ததைவிட ஆழம், ஒன்பது நாள் ஆயிற்று. உன் அப்பா போட்ட அடிக்கற்கள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன, அவற்றின் மேலேயே எழுப்பியிருக்கிறேன். கூரைக்குப் பெரணித் தழை. உட்காரும் கல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் வெளியிலேயே கிடத்தி வைத்திருக்கிறேன்.

கட்டி முடித்ததும் உனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல வேண்டுமென்றால் ஷாகிர்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டு எழுந்து நின்று எல்லாருக்கும் படித்துக்காட்டுவான். அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன். முதல் கடிதத்திலேயே எழுத நினைத்துப் பென்சில் பிடித்தேன். வரவில்லை. காலுறையைப் பற்றி எழுதிவிட்டேன். கேட்காமல் இடித்தது தப்பு, ஹூரியே. இந்த வரியை நாலு தடவை அழித்து எழுதியிருக்கிறேன். அதுதான் தாள் இங்கே கறுத்திருக்கிறது.

ஆரஞ்சுக் கண்காரியை உன் கடிதம் வந்த அன்றே விட்டேன். முகட்டில் நின்று கையைத் திறந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஷாகிர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பழுப்பு முதுகு விழுந்தது. பார்க்கச் சகிக்காது. வாலில் ஓர் இறகு ஒடிந்து தொங்குகிறது. தேநீர்க்கடையில், "மாமா, இது வல்லூறா? முட்ட வெக்கிற கோழியா? அடுப்புல போட்டுரலாமா?" என்றான் ஒருவன். ஆனால் கண் வெளிறிய மஞ்சள், நடுவிரல் நீளம். நீ சொன்ன எல்லாம் இருக்கிறது. முதல் நாளே அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் என் கையில் ஒற்றைக் காலில் நின்று தூங்கிவிட்டது!

ஒன்றை மறைக்கக்கூடாது. நான் ஊட்டினேன். நிறையவே ஊட்டினேன். வெள்ளிக்கிழமை முதன்முதலாகக் கால்வாரை அவிழ்த்துப் பறக்கவிட்டேன். நேராகப் போய்ப் பள்ளிவாசல் கும்மட்டத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டேன், விசிலடித்தேன், இறைச்சியை ஆட்டினேன். அது இறகு கோதிக்கொண்டிருந்தது. ஊரே உள்ளே ஜும்ஆவில் நிற்கிறது, நான் வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். தொழுகை முடிந்து வந்த இமாம், "இல்யாஸ், எல்லாரும் கைய ஏந்திட்டு எறக்கிட்டோம். நீ ஒருத்தன்தான் இன்னும் எறக்கல" என்றார்.

நான்கு மணி நேரம் நின்றேன். தோள் மரத்துவிட்டது. போய்விடும், திரும்பிப் பார்க்காது என்றே நினைத்துவிட்டேன். வெயில் சாயும்போது வந்தது. கையில் உட்கார்ந்து, அந்தக் கோழி, எதுவும் நடக்காததுபோல் இறைச்சியைக் கொத்தியது. நடுத்தெருவில் நின்று அழுதேன் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பு.

நேற்று முதன்முதலாக ஒரு காடை பிடித்தாள். பாதியை அவளுக்கே கொடுத்தேன். கால்வாசிதான் கொடுத்திருக்க வேண்டும், தெரியும்.

அக்டோபர் கடைசியில் காடைக் காலம் முடிந்ததும் அவளை விட்டுவிட வேண்டும். வழக்கப்படி பிடித்தவன்தான் விட வேண்டும். ஆனால் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று சொன்னவள் நீ. உன்னைக் கேட்கிறேன்: நீ வந்து விடுகிறாயா? வர மனமில்லையென்றால் அதையும் எழுது. நானே விட்டுவிட்டு, எப்படிப் போனாள் என்று உனக்கு எழுதுகிறேன்.

உன்
இல்யாஸ்

—

இஸ்மித்
5 அக்டோபர் 1981

இல்யாஸுக்கு,

உங்கள் கடிதத்தை ஸெவிம் படிக்கக் கேட்டாள். கொடுக்கவில்லை.

இது உங்கள் மூன்றாவது கேள்வி. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் வல்லூறைக் கையில் ஏந்தியதில்லை. ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்னால் நாலு மணி நேரம் நின்றவர் வீட்டுக்காரிக்கு என்ன வெட்கம் என்று விட்டுவிட்டேன்.

22ஆம் தேதி வியாழக்கிழமை காலைப் பேருந்தில் வந்து இறங்குவேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் பண்ண வேண்டாம். கல்லைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்வேன். அதுவரை உள்ளே போட வேண்டாம். அது கடலைப் பார்த்து இருக்காது. எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் வந்து காட்டுகிறேன்.

அவள் அதற்கு முன்னால் போய்விட்டாலும் என்னை நினைத்துக் கட்டிப்போட வேண்டாம். இருந்தால் விடுகிறேன். இல்லையென்றாலும் வருகிறேன்.

கால்வாசி. அதற்கு மேல் ஊட்டாதீர்கள்.

ஹூரியே

—

மேல் கிராமம்
12 அக்டோபர் 1981

என் ஹூரியேவுக்கு,

இந்தத் தடவை ஒரே பிற்பகலில் படித்துவிட்டேன். பிறகு இன்னும் ஆறு தடவை படித்தேன், அது தேவைக்காக இல்லை.

கல் வெளியில்தான் கிடக்கிறது. ஷாகிர் உதவிக்கு வந்து, "கடலப் பாத்துப் போட்டுருவோம்டா, வேற எந்தப் பக்கம் போட?" என்றான். "அத எதுக்கு உங்கிட்டக் கேக்கணும்?" என்று அனுப்பிவிட்டேன். காலுறை மூன்று ஜோடியையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

அவள் இன்னும் இருக்கிறாள். இன்று காலை கட்டாமலே உன் ஜன்னல் கட்டையில் உட்கார வைத்தேன். கடலை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு தூங்கிவிட்டாள். கால்வாசிதான் கொடுத்தேன். நீ வரும் வியாழன்வரை இருப்பாளா என்று சொல்ல முடியாது. பேருந்து நிறுத்தத்துக்கு அவளைக் கையில் ஏந்தி வர நினைத்திருக்கிறேன். வெறுங்கையாக நின்றாலும் நான்தான் என்று தெரிந்துகொள், காலுறை சுத்தமாக இருக்கும்.

நீ வந்த பிறகும் எழுதுவதை விட மாட்டேன். வாயால் கேட்க எனக்கு இன்றும் வரவில்லை. தாளில் கேட்க வருகிறது. முகட்டில் மிச்சமிருக்கும் தேயிலையை வைத்திருப்பதா, எடுப்பதா என்று கேட்க வேண்டும். அதை அடுத்த வாரம் எழுதித் தேநீர்க் கெண்டியின் அடியில் வைக்கிறேன். தபால்தலை ஒட்ட மாட்டேன். பதிலை நீ வாயாலேயே சொல்லலாம்.

உன்
இல்யாஸ்