அடித்துத் திருத்திய அம்பு

மார்ச் 4 · காலை 07.10

கொட்டகை ஏழு, நிலவின் தென்முனை. காற்றழுத்தம் சரி. மின்கலம் எண்பது சதவீதம். தண்ணீர் போதும்.

என் பெயர் செங்கமலம். காட்சி வடிவமைப்பாளர். சுரங்கப்பாதையின் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். மாதக் கடைசியில் குடியேற வரும் குடும்பங்கள் இங்கே இறங்கி, சுரங்கம் வழியாக நிலையத்துக்கு நடக்க வேண்டும். அவர்களுக்கு வழிகாட்டிப் பலகைகள் வரையத்தான் தனிமை கேட்டு வந்திருக்கிறேன்.

இன்றைய பணி: எழுத்துரு தேர்வு. முடியவில்லை.

மார்ச் 9 · மாலை 06.30

நிலைய நூலகத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். வண்ணத் தொகுப்புகள், சின்னங்கள், மனச்சோர்வைப் பற்றிய கட்டுரைகள், மூச்சுப் பயிற்சி. கோப்புறைகளில் பிரித்தேன். கோப்புறைகளுக்குப் பெயர் வைத்தேன். பெயர்களுக்கு நிறம் கொடுத்தேன். மாலையாகிவிட்டது. வேலை செய்த களைப்பு இருக்கிறது. வேலைதான் இல்லை.

நிலையத் தலைவர் தாவூத் அண்ணன் கூப்பிட்டார்.

"எப்படிம்மா போகுது?"

"முக்கால்வாசி முடிஞ்சிருச்சுண்ணே."

முக்கால்வாசி என்று எப்படி வாயில் வந்தது, தெரியவில்லை. அவர் பாராட்டினார். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

மார்ச் 15 · பகல் 02.00

ஒரு கோடு போடுகிறேன். அழிக்கிறேன். பழைய நிலையத்தின் பலகைகளை நான்தான் வரைந்தேன், எல்லோரும் மெச்சினார்கள். அதை வரைந்தவள் வேறு யாரோ, நான் அவள் பெயரில் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

பூமியிலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. கல்லூரித் தோழி, அவளும் வடிவமைப்பாளர்தான்.

"கமலம், நல்லா இல்லாட்டியும் பரவால்ல, எதையாவது அனுப்புடி. போன வருஷம் நாலு மாசம் நான் பென்சிலையே தொடல, தெரியுமா? டாக்டர்கிட்ட போனேன். ஆபீஸ்ல உண்மையச் சொன்னேன். பாதி வேலைய வேற ஆள்கிட்ட குடுத்தாங்க, அவ்ளோதான். யாரும் என்னைக் கடிச்சுத் திங்கல. நான் தூக்கிப்போட்ட படமெல்லாம் அனுப்பியிருக்கேன், பாரு."

பார்த்தேன். கோணல்மாணலான படங்கள், நூற்றுக்கு மேல். எந்தக் கட்டுரையும் செய்யாததை அவை செய்தன. அழுதேன். நாளைக்கு தாவூத் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 16 · மாலை 05.40

சொல்லவில்லை.

மார்ச் 17 · காலை 09.20

சூரியப் புயல். நிலவைச் சுற்றிக் காத்திருக்கும் குடும்பங்களின் கப்பல் சுவர் அதன் கதிர்வீச்சைத் தாங்காதாம், இப்போதே இறங்குகிறார்கள். உரையாடலை அப்படியே பதிகிறேன்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்மா. எங்களால அந்தப் பக்கம் வர முடியாது. சுரங்கத்துக்குள்ள ரேடியோவும் எடுக்காது. முடிஞ்ச பலகைய மாட்டிரு."

"பலகை இல்லண்ணே. ஒண்ணுகூட வரையல."

"முக்கால்வாசின்னியே?"

"பொய்ண்ணே."



"சரி. திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம். ஒளிர் டேப் இருக்கா?"

"இருக்கு."

"கையால ஒட்டு. ஓடு."

மார்ச் 17 · பகல் 11.05

ஒட்டிவிட்டேன். சுரங்கம் பிரியும் இடத்தில் வலப்பக்கம் நிலையம். இடப்பக்கம் கூரை போடாத பள்ளம், மேலே வெறும் வானம். அவசரத்தில் முதல் அம்பை இடப்பக்கம் ஒட்டித் தொலைத்தேன். குளிரில் டேப் பிய்ந்து வரவில்லை. அதன்மேல் பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்டு, வலப்பக்கம் புதிதாக ஒன்று ஒட்டினேன்.

கப்பல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு கூட்டமாகக் கதவைத் திறந்து அனுப்ப வேண்டும். நான் இந்த அறையிலேயே இருக்க வேண்டும்; புயல் இரைச்சலில் அவர்களுடைய கவச உடை ரேடியோவும் எடுக்கவில்லை.

மார்ச் 18 · காலை 08.00

தாவூத் அண்ணன்:

"எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் பள்ளத்துக்குப் போயிட்டாரும்மா. அருளப்பன். பைப் ஃபிட்டர். கடைசிக் கூட்டத்துல முன்னாடி நடந்தவரு. அடிச்ச அம்புலதான் டேப் ஜாஸ்தி, அதுதான் பளிச்சுனு தெரிஞ்சிருக்கு. மத்தவங்கள நிக்கச் சொல்லிட்டு இவர் மட்டும் பார்க்கப் போனாராம். வானத்தப் பார்த்ததும், வராதீங்கன்னு கையாட்டியிருக்காரு. அப்படியே சறுக்கி விழுந்துட்டாரு. ஏறி வர ரொம்ப நேரமாயிருச்சு, அவ்ளோ நேரமும் கதிர்வீச்சுலதான்."

"பிழைப்பாராண்ணே?"

"டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு."

அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

மார்ச் 20 · பகல் 03.15

சுரங்கக் கதவு புயல் ஓயும்வரை திறக்காது. புயலில் சூரியத் தகடு செயலிழந்து, மின்கலம் ஆறு சதவீதத்துக்கு வந்துவிட்டது. நிலையத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அம்மா, நான் லூர்து மேரி. அருளப்பன் வீட்டுக்காரி. அவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கச் சொன்னாரும்மா. நீங்க அவசரத்துல அவ்ளோ கஷ்டப்பட்டு வழி போட்டீங்களாம். எல்லாருக்கும் புரிஞ்சது தனக்குப் புரியலியேன்னு சொல்லிச் சொல்லி அழுறாரு. காலம்பூரா படம் பார்த்துப் பைப் மாட்டுன ஆளு, ஒரு அம்பு புரியலியேன்னு. யார் மூஞ்சியையும் பார்க்க மாட்டேங்குறாரு. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

என் வெட்கத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன் என்றல்லவா நினைத்தேன். அதைச் சுவரில் ஒட்டி அவர் தலையில் கட்டிவிட்டேன். இதைக் கண்டெடுப்பவர்களே, பள்ளத்துக்குப் போனது அவர் பிழை அல்ல. முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 20 · மாலை 05.50

அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். அருளப்பன் அய்யா, அம்பு தப்பு. நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். ஆறாவது முறை. ஏழாவது. பதில் இல்லை.

மார்ச் 20 · மாலை 06.25

இரைச்சலுக்கு நடுவே லூர்து மேரி.

"...கேட்கலம்மா... கண்ணு சொருகுது அவருக்கு... ஏதோ தப்புன்னீங்களே... யாரு தப்புன்னு கேட்குறாரு... சத்தமா சொல்லுங்க... யாரு..."

என்னுடையது அய்யா. என்னுடையது. என்னுடை