மூன்றாவது தாளும் சலவை சோப்பும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? தைலம் தடவுகிறாயா, ஒளித்து வைத்திருக்கிறாயா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

காலேஜில் பொறியியல் வரைபட வகுப்பில் ஐசோமெட்ரிக் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு பொருளை முன்னாலிருந்தும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த மூன்று படங்களைக் கொடுப்பார்கள். அவற்றை வைத்து முழுப் பொருளையும் ஒரே படமாகச் சாய்வாக வரைய வேண்டும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வரைந்து கொடுத்த இரண்டு தாள்கள் தப்பென்று திரும்பி வந்தன. மூட்டை கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இப்போது இல்லை, பயப்படாதே.

நீ கொடுத்தனுப்பிய சலவை சோப்பை, நீ அறுப்பது போலவே நூலால் அறுத்தேன். படத்திலிருந்த படிக்கட்டு வடிவம் அப்படியே கைக்கு வந்தது. அதைப் பார்த்து மூன்றாவது தாளை வரைந்தேன். வகுப்பெடுக்கும் மேடம் ‘சரி’ போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சோப்பைக் காட்டிக் கேட்டார்.

“இத யாரு சொல்லிக் கொடுத்தா?”

“எங்கம்மா, மேடம்.”

“அவங்க இன்ஜினியரா?”

“இல்ல மேடம். வீட்டுல சோப்ப நூலாலதான் அறுப்பாங்க.”

அவர் சிரிக்கவில்லை. மற்றவர்களும் பார்க்கட்டும் என்று அந்தக் கட்டியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். துவைக்கச் சோப்பு இல்லை, அனுப்பு. இங்கேயும் விற்கிறது. ஆனாலும் நீயே அறுத்து அனுப்பம்மா. ஓரத்தில் உன் விரல் பதிந்திருக்கும்.

உன் மகள்