நாற்காலிப் பாட்டு

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் வேலை நன்றாக இருக்கிறது, அறை நன்றாக இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னிடமே மறைக்கிறாயா?

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. இப்போது தெருவில் போகிறவர் சட்டையில் பொத்தான் இல்லாததுகூடத் தெரிகிறதாம். வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பாட்டை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, ஒரு நாற்காலி போட்டா கடை என்ன கவுந்தா போயிடும் என்று அழுதாயே, அதை நான்கு குரலுக்குப் பிரித்து மெட்டுப் போட்டேனே, அதே பாட்டுதான். இசை நிறுவனத்துக்காரர் நம் பாட்டுக் குழு பாடிப் பழகும் பள்ளிக்கூட அறைக்கே வந்து, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து பேசினார். 'நாற்காலி' என்ற சொல் காதுக்கு இனிமையாக இல்லையாம், 'நந்தவனம்' என்று மாற்ற வேண்டுமாம். எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ள நாம் இணையத்தில் போட்டிருக்கும் பாட்டுத் தாளையும் பதிவையும் நீக்கிவிட வேண்டுமாம். பிறகு யார் பாடினாலும் அவர்களைக் கேட்டுத்தான் பாட வேண்டுமாம்.

கடைப் பெண்கள் பாடவும் கேட்க வேண்டுமா என்றேன். ஆமாம் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வார்த்தைகள் உன்னுடையவை. உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டுவதானால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். பதிலை மட்டும் மாற்ற மாட்டேன்.

உன் அத்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வீடு தேடி வர்றதை வேணாங்கிற ஒரே ஆள் நீதான் என்றார். அடுத்த நாள் பார்த்தால், அவரே பாட்டுத் தாளைப் பிரதி எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

நாற்காலி கேட்டதற்காக உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். பாட்டுப் பாடி யாருக்கு என்ன கிடைச்சுது என்று கேட்டுவிட்டு நீ ஊரைவிட்டே போனாய். அதன்பிறகு நீ வாயைத் திறந்து பாடவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது, கேள்.

போன வாரம் ஒரு பதிவு வந்தது. நீ இருக்கும் அதே ஊரிலிருந்து. கிடங்கில் நின்று பெட்டி கட்டும் பெண்களாம். பாதிப் பேருக்கு நம் மொழி தெரியாது, தங்கள் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். சேர்ந்திசை என்றால் நின்றுதானே பாடுவார்கள்? இவர்கள் நம்மைப் போலவே உட்கார்ந்து பாடுகிறார்கள். நம் பதிவில், உட்கார இடம் கேட்கும் இரண்டாம் அடியை நீ தாளத்துக்கு ஒரு தட்டு முந்தி எடுத்தாயே, நான் பல்லைக் கடித்தேனே, மறுபடி பதிவுசெய்ய நேரமில்லாமல் அப்படியே விட்டோமே, அவர்களும் சரியாக அங்கே முந்தி எடுக்கிறார்கள். உன் தப்பை ஒரு குழுவே மனப்பாடம் செய்திருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். தாளிலும் அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். நாள் முழுக்க நின்றவள் தாளம் பார்த்தா உட்காருவாள்?

அவர்களுக்குக் கீழ்க்குரலுக்கு ஆள் போதவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், நூலக மாடியில் கூடுகிறார்கள். அந்த முந்துகிற குரல் யாருடையது என்று கேட்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை. நீ போய்ச் சொல். பாட வேண்டாம், சும்மா கேட்டுவிட்டு வா. இரண்டாம் அடி வரும்போது உன் வாய் சும்மா இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லி எழுதிவிட்டேன். போய் உட்காரடி, கண்ணே. நின்றது போதும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா