எண்ணெய் தடவிப் பார்க்காத வார்மர்

இதை எழுதும்போது என் இடது கையில் தேங்காய் எண்ணெய் மணக்கிறது. அதன்மேல் உடல் சூட்டை அளக்கும் சென்சாரை ஒட்டிவிட்டு, நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரே, பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் வார்மர். இன்று மாலை விழா வைத்து, இதே வகை வார்மர்களை மதுரையைச் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களுக்கெல்லாம் கொடுக்கப்போகிறார்கள். அனுமதிக் குழுவின் தலைவியான என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை வாங்கிப்போக வந்த அதிகாரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

நாம் இருவரும் சேர்ந்து செய்த முதல் வார்மர் உனக்கு மறந்திருக்காது, தோழி. கோச்சடை வாடகை அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கச் சோதித்தோம். ரப்பர் பொம்மையின் வயிற்றில் சென்சார் பிசகாமல் ஒட்டிக்கொண்டது. நீ மட்டும் அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்தாய்: ‘எண்ணெய் தடவிப் பார்க்கவில்லை.’ வார்டில் எண்ணெய்க்குத் தடை இருக்கிறதே என்றேன்.

“தடையாம்ல. எங்க திருவாதவூர்ல பிள்ளைக்கு எண்ணெய் வைக்காம எவ இருப்பா?” என்று சிரித்தாய். அனுமதி தள்ளிப்போகுமே என்று அந்த வரியை நான் அடித்து நீக்கினேன்.

வார்டில் வார்மரை வைத்த இரண்டாம் நாளே ஒரு தாய் யாருக்கும் தெரியாமல் மகனுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். சென்சார் கழன்று காற்றில் தொங்கியது. குழந்தைக்குக் குளிர்கிறது என்று கணக்குப் போட்ட வார்மர் சூட்டை ஏற்றிக்கொண்டே போனது. செக்கச் சிவந்து கிடந்த பிள்ளையை வாரித் தூக்கியவள் நீதான். பிழைத்துக்கொண்டான். தாயைத் திட்ட வந்தவர்களிடம், “அவுகள ஒண்ணும் சொல்லாதீக. தப்பு எங்களோடது” என்றாய்.

என்னுடையது என்று நான் சொல்லவில்லை. விருது மேடைகளிலும் சொல்லவில்லை. போன வருஷம், உன் கடைசி நாட்களில், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோதும் வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே சென்சார் நழுவிவிட்டது. வார்மரில் சூடு ஏறுகிறது. எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை.

அதிகாரி உள்ளே வந்தார். அனுமதி கிடையாது என்றேன். “மேடம், மந்திரி கிளம்பிட்டாரு. என்ன காரணம்னு சொல்றது?”

அவர் கையிலிருந்த அனுமதிக் கோப்பை வாங்கி நானே எழுதினேன்: ‘எண்ணெய் தடவிப் பார்த்தேன். நழுவுகிறது. எண்ணெய் தடவிப் பார்க்கவில்லை என்று முதல் வார்மரின் அறிக்கையிலேயே என் தோழி எழுதினாள். அந்த வரியை அடித்தது நான்.’ அதன் கீழே உன் பெயரை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கையை இன்னும் கழுவவில்லை.