பின்னலில் ஒரு கொத்து கொன்றை

மார்ச் 8, இரவு.

மாடியில் குடியிருக்கும் இத்தாலிக்காரி ஜூலியா மாலையில் கை நிறையக் கொன்றைப் பூவோடு இறங்கி வந்தாள். மகளிர் தினத்தன்று அவள் ஊரில் பெண்களுக்கெல்லாம் வேறேதோ மஞ்சள் பூ கொடுப்பார்களாம். கொச்சி மட்டாஞ்சேரியில் அது ஏது? என் கொழுந்தன் மனைவி ராஜியின் கையில் ஒரு கொத்தைக் கொடுத்துவிட்டு, என் பின்னலில் தானே ஒன்றைச் செருகினாள்.

ராஜி பதறிப்போனாள். "அய்யோ, மன்னிக்கு வேண்டாம்! அண்ணா தவறிப்போனதுலேர்ந்து மன்னி பூ வெச்சுக்கறதில்லை."

"எந்தா? சேச்சி பெண்ணல்லே?" என்றாள் ஜூலியா, தெரிந்த மலையாளத்தில். அக்காவும் பெண்தானே என்கிறாள்.



இப்போது ஜன்னல் வழியாகக் கிடங்குகளின் சுக்கு வாசனையோடு காயல் காற்று வருகிறது. தலையை அசைத்தால் பூவும் மெல்ல அசைகிறது. எடுத்துவிடலாம் என்று கை போகிறது, பாதியில் திரும்பிவிடுகிறது.

படுத்தால் நசுங்கிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.