ஏழு கிலோ மணல் போர்வை

ஜூன் 10, செவ்வாய்

விடியும்போதே சாரல். துணி காயவில்லை. இவர் நேற்றும் உறங்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எனக்கு அங்கதாம்ட்டி உறக்கம் வரும்."

அங்கே என்றால் சவுதியில் தம்மாம். பதினாறு வருஷம் கேம்ப் கட்டிலில் படுத்த மனுஷன். மேல்கட்டிலில் ஒருத்தன் குறட்டை, ஏசி குளிர், கல் கனத்தில் கம்பளி. அதுதான் சொர்க்கமாம். பொண்டாட்டியும் கடல்காற்றும் ஆகாது. விசா ரெடி என்கிறான் ஏஜென்ட். மாசக் கடைசியில் விமானம்.

போகாதீங்க என்று கேட்கலாம். கேட்கமாட்டேன். ஊருக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நான் கெஞ்சணுமா?

ஜூன் 11, புதன்

யூடியூபில் ஒருத்தி. கனமான போர்வை போர்த்தினால் உறக்கம் வருமாம், யாரோ கட்டிப்பிடித்தது போல இருக்குமாம். கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிறாள், அறையலாம் போல வந்தது. கடைசிவரை பார்த்தேன். ஆளின் எடையில் பத்தில் ஒரு பங்கு. இவர் எழுபது கிலோ. அப்போ போர்வை ஏழு கிலோ. கடையில் விற்பது கனத்துக்குக் கண்ணாடி மணி உள்ளே போட்டுத் தைத்தது. விலையைக் கேட்டால் உள்ள உறக்கமும் போய்விடும்.

கம்பளி? லீவுக்கு லீவு கொண்டுவந்தார். புலிப்படம், ரோஜாப்பூ. எல்லாம் இவர் அக்கா வீட்டுக்கு. எனக்கு மிச்சம் பெட்டி கட்டின கயிறு. இருந்தாலும் இந்தப் புழுக்கத்தில் அதற்குள் அவிந்துபோவார். பருத்திதான். நான்தான் தைக்கணும்.

ஜூன் 13, வெள்ளி

வாங்க: தலையணைத் துணி (நெருங்கிய நெசவு), தடித்த நூல், மெஷின் ஊசி. மேலுக்கு இவர் உடுத்துப் பழகின சாரம் (லுங்கி) இரண்டு.

உள்ளே என்ன போட? அரிசி என்றால் பூச்சி. புளியங்கொட்டை என்றால் எலி. இவர் தம்பி ராஜன் கேட்காமலே மண்டைக்காட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு சாக்கு மணலோடு வந்து நிற்கிறான். "கருமணலாக்கும் மைனி, கொஞ்சம் போட்டாலே நல்ல கனம்." அள்ளக் கூடாத மணல்; போலீஸ் பிடித்திருந்தால் அண்ணனுக்குப் போர்வை என்று சொல்லியிருப்பானாம். அதிபுத்திசாலி.

இவர் அக்கா வந்தாள். மூக்கில் விரல். "உயிரோட இருக்க மனுஷனுக்க மேல மண்ணள்ளிப் போடுகியா?"

"அப்பம் கம்பளியத் திருப்பித் தாருங்க மைனி" என்றேன். காப்பியைக் குடித்து முடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

ஜூன் 14, சனி

நெடுக்கே தையல். ஒவ்வொரு வரிசையிலும் அரைச் சிரட்டை மணல். குறுக்கே தையல். மறுபடி மணல். ஒரு மணல் ஊசிக்கடியில் சிக்கினால் ஊசி போச்சு. மூன்று போச்சு. இடுப்பும் போச்சு.

ஜூன் 16, திங்கள்

போர்வை வியர்க்கிறது. கடல் மணலைக் கழுவாமல் போட்ட மடச்சி நான். உப்பு சாரலைக் குடித்து ஒரே ஈரம், கருவாட்டு வாடை. ராஜனைத் திட்டினேன். "கடல் மணல்ல உப்பு இல்லாம சீனியா மைனி இருக்கும்?" பதிலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

எல்லாம் பிரித்தேன். கழுவி, கடலை வண்டிக்காரன் மாதிரி சட்டியில் வறுத்து, ஆறவைத்து, மறுபடி முதலிலிருந்து. யாருக்கு? உறங்கக்கூடத் தெரியாத மனுஷனுக்கு. பிறந்த பிள்ளை உறங்குகிறது.

இவர் எட்டிப் பார்த்தார். "என்னத்துக்குட்டி இந்தப் பாடு?" சும்மா என்றேன். இவர் போய்விடக் கூடாது என்றுதான் தைக்கிறேன். இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

ஜூன் 19, வியாழன்

உறங்கிவிட்டார்! ஒன்பது மணி வரை, வாயைப் பிளந்துகொண்டு. மீன்காரி கூவியும் அசையவில்லை. பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருக்கிறது, வெட்கக்கேடு.

ஜூன் 21, சனி

மூன்று நாளாக நல்ல உறக்கம். முகம் தெளிந்துவிட்டது. தெளிந்த முகத்தோடு பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டுகிறார். போர்வையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இத்தற கனம் விமானத்துல விடமாட்டான். மணலத் தட்டிட்டு உறைய மட்டும் மடிச்சு வையி. அங்க மணலுக்கா பஞ்சம்?" சிரிப்பு வேறு.

கத்திரிக்கோலை எடுத்து இவர் மடியில் போட்டேன். "பிரிக்கணும்னா நீங்களே பிரியுங்க. நீங்க இங்க உறங்கணும்னுதான் தச்சேன். போவாதீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கத்திரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் பிரிக்கவில்லை.