ஒரு நாள் கொட்டிய பால்

கேசவனுக்கு,

குழந்தைக்குத் தாய்ப்பாலை ஒரு நாள் நிறுத்தச் சொன்னது டாக்டர்தானா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நேற்று அலர்ஜி டெஸ்டுக்காகக் கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்தியபோது, அரிப்பைத் தவிர வேறெதுவும் மனதில் ஏறவில்லை. அவர் சொன்னதாக நீங்கள் சொன்னதை நம்பி, சஹானா அழ அழப் பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். மாலை முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வேண்டா என்கிற நர்ஸ் சிரித்தாள். "இன்னாம்மா இது, தோல்ல வெச்ச சொட்டு பாலுக்கு எங்க போவுது? ஒன்ன அரைமணி ஒக்கார வெச்சது மூச்சு கீச்சு முட்டுதான்னு பாக்கத்தான். பால நிறுத்துன்னு எவன் சொன்னது?"

என் வீட்டுக்காரர்தான் என்று சொல்ல மனம் வராமல் போனை வைத்துவிட்டேன்.

ஸ்கேனுக்காகக் கதிரியக்க மருந்து ஏற்றிக்கொண்ட தாய்மார் பாலைக் கொட்ட வேண்டும் என்று ஆபீஸில் நடந்த கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சியில் கேட்டதாக ஒருமுறை சொன்னீர்கள். அந்த விதியை எனக்கும் போட்டுவிட்டீர்களோ? பயமாக இருக்கிறது என்றே சொல்லியிருக்கலாம். அதற்கு டாக்டர் பெயர் எதற்கு?

செங்கல்பட்டு பஸ்ஸில் போய் அவரையே கேட்கப் போகிறேன். சஹானா என்னோடு வருகிறாள். சோறும் ரசமும் மேடைமேல் இருக்கின்றன. டெஸ்டில் எனக்கு ஒவ்வாது என்று தெரிந்த சதுரங்கப்பட்டினத்து இறால் இனி உங்களுக்கு மட்டும்தான், தனிச் சட்டியில்.

அவர் நிஜமாகவே சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால் இனி டாக்டர் அறைக்குள் நான் தனியாகத்தான் போவேன்.

வைஷாலி

பி.கு. இன்று காலை ஒன்பது மணிக்கு சஹானா என் பாலை வயிறு நிறையக் குடித்தாள். தடிப்பில்லை, வாந்தியில்லை. என் கை வீக்கமும் வற்றிவிட்டது.